12 வோல்ட் போட்டா 16 வோல்ட் எப்படி வரும் மேம்?

இங்க எழுதி ரொம்ப நாளாச்சு. பேப்பர் திருத்தப் போனேன், அது முடிஞ்சா அட்மிஷன் ட்யூட்டி, அதுக்கப்புறம் ஃபைல் ஃபைல் ஃபைல். போன வாரம் ஒரு பையன் ராத்திரி பதினோரு மணிக்கு மேல ஒரு போட்டோ அனுப்பினான், அதைப் பாத்ததுல இருந்து மனசு அப்படியே 2020-க்கு போயிடுச்சு, சரி எழுதித் தீத்துடுவோம்னு உக்காந்துட்டேன். நீளமா போகும், டீ வச்சுக்கிட்டு படிங்க.

நான் திண்டுக்கல் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல இசிஇ டிபார்ட்மெண்ட்ல இருக்கேன். வருஷா வருஷம் ஃபர்ஸ்ட் இயர் ரெண்டாவது செமஸ்டருக்கு சர்க்யூட் அனாலிசிஸ் எனக்குத்தான் வரும், வேற யாரும் வேணாம்னு தள்ளி விட்டுடுவாங்க, எனக்கும் அது பிடிச்சதுனால நான் சண்டை போடுறதில்ல. 60 பேரு க்ளாஸ். ஒட்டன்சத்திரம், வேடசந்தூர், நத்தம், வத்தலகுண்டு, இப்படி சுத்துப்பட்டு ஊர்ல இருந்து காலேஜ் பஸ்ல வர்ற பசங்க, பாதிப் பேரு ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். கணக்கைப் போட்டு முடிச்சு சாக்பீஸைக் கீழ வச்சுட்டு "டவுட் இருந்தா கேளுங்கப்பா"ன்னு திரும்பினா கொலு பொம்மை மாதிரி உக்காந்திருப்பாங்க. "புரிஞ்சுதா?"ன்னா மட்டும் கோரஸா "புரிஞ்சுது மேம்". முதல் இன்டர்னல் பேப்பரைத் திருத்தும்போது தெரியும் என்ன புரிஞ்சுதுன்னு.

ஏன் கேக்க மாட்டேங்கிறாங்கன்னு எனக்குத் தெரியாமலா இருக்கும், நானும் அதே பெஞ்சுல உக்காந்து வந்தவதானே. எழுந்து நின்னா இங்கிலீஷ்ல கேக்கணுமோன்னு ஒரு பயம், தப்பாக் கேட்டா பின்னாடி ஒருத்தன் சிரிப்பான், சரியாக் கேட்டா முந்திரிக்கொட்டைன்னு பேரு வச்சிடுவாங்க. வாயை மூடிட்டு இருந்தா எந்த வம்பும் இல்ல. ஸ்கூல்லயே அதுதானே கத்துக்கொடுத்து அனுப்புறோம்.

2020 மார்ச் மாசம் காலேஜ் மூடுறாங்க. நான் அப்போ மூணாவது யூனிட் நடுவுல. ஒரு வாரம் லீவு மாதிரி இருந்துச்சு, அப்புறம் மேனேஜ்மெண்ட்ல இருந்து மெசேஜ், எல்லாரும் ஆன்லைன் க்ளாஸ் எடுக்கணும், எடுத்ததுக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பணும். ஸூம்ல ஃப்ரீ அக்கவுண்ட்னா 40 நிமிஷத்துல கட் ஆயிடும், சரியா நோடல் ஈக்வேஷன் ரெண்டையும் எழுதி முடிச்சு சால்வ் பண்ணப் போற நேரம் பாத்து கட் ஆகும். பிபிடி போட்டு சர்க்யூட் சொல்லிக்கொடுக்க முடியாதுங்க, அது கையால போட்டுக் காட்ட வேண்டிய சமாச்சாரம், ஒவ்வொரு கோடா வரையணும், அந்தக் கோடு வர்ற நேரத்துலதான் பாக்குறவங்க மண்டைல ஏறும். டேப்லெட் வாங்க அப்போ காசு கிடையாது, பாதிச் சம்பளம். வீட்டுல ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்துச்சு, நடுவுல விரல் விட்டுத் தூக்குறதுக்கு ஒரு ஓட்டை இருக்குமே அந்த ஸ்டூல். அந்த ஓட்டைக்கு மேல ஃபோனோட கேமரா வர்ற மாதிரி கவுத்து வச்சு, ஸ்டூலுக்கு அடியில பேப்பர் வச்சு, பக்கத்துல ஒரு டேபிள் லேம்ப்பைச் சாய்ச்சு வச்சு, தரையில குனிஞ்சு உக்காந்து எழுதுவேன். எழுதும்போது கை நிழல் விழும், சில நேரம் என் பையன் காலு வரும். அந்த ஸ்டூலை இன்னும் தூக்கிப் போடல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அந்த ஏப்ரல்ல ஒரு நாள் தெவனின் தியரம் எடுத்தேன், ஒரு சர்க்யூட்டை ஒரு வோல்டேஜ் சோர்ஸ், ஒரு ரெசிஸ்டன்ஸ்னு சுருக்குற வித்தை. டிபெண்டன்ட் சோர்ஸ், அதாவது சர்க்யூட்ல வேற ஒரு வோல்டேஜையோ கரண்டையோ பொறுத்து அளவு மாறுற சோர்ஸ், வச்ச கணக்கு. சின்ன சர்க்யூட்தான், 12 வோல்ட் சோர்ஸ், அதோட சீரிஸ்ல 3 ஓம், அது போய் சேர்ற நோடுல (கம்பிகள் சேர்ற புள்ளி) இருந்து கிரவுண்டுக்கு ஒரு 6 ஓம், அதுக்குப் பேரலலா ஒரு டிபெண்டன்ட் கரண்ட் சோர்ஸ், நோடு வோல்டேஜ்ல நாலுல ஒரு பங்கு கரண்டை நோடுக்கு உள்ள தள்ளும். வெளிய எதுவும் மாட்டாதப்போ வர்ற ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் கண்டுபிடிச்சா 16 வோல்ட். தெவனின் ரெசிஸ்டன்ஸ் 4 ஓம். எழுதி முடிச்சு, டவுட்டான்னு கேட்டு, எல்லாரும் மியூட்ல இருந்தே "நோ மேம்"னு சாட்ல போட்டு, க்ளாஸ் முடிஞ்சுது.

அன்னைக்கு ராத்திரி 11.20-க்கு வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ் நோட். க்ளாஸ்ல ஒரு வருஷமா வாயே திறக்காத பொண்ணு. குசுகுசுன்னு பேசுறா, ஏன்னா ஒரே ரூம்ல வீட்டுல எல்லாரும் தூங்குறாங்க, ஃபேன் சத்தம்தான் பெருசா கேக்குது. "மேம், தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க மேம், சோர்ஸே 12 வோல்ட்தான மேம், அப்புறம் எப்படி மேம் 16 வோல்ட் வரும், அந்த நாலு வோல்ட் எங்க இருந்து மேம் வந்துச்சு, நான் மூணு தடவ போட்டுப் பாத்துட்டேன் மேம் அதேதான் வருது."

நான் எத்தனையோ வருஷமா அந்த மாதிரிக் கணக்கை போர்டுல போட்டுட்டு இருக்கேன், ஒருத்தர் கூட இதைக் கேட்டதில்ல. உண்மையச் சொன்னா நானே படிக்கிற காலத்துல கேட்டதில்ல. ஈக்வேஷன் போட்டா 16 வருது, டிக் போட்டுட்டுப் போயிட்டே இருந்தேன். அந்தக் கேள்விலதான் மொத்த எலக்ட்ரானிக்ஸும் இருக்கு. டிபெண்டன்ட் சோர்ஸ்ங்கிறது ஒரு ட்ரான்சிஸ்டருக்குப் பதிலா நாம வரைஞ்சு வைக்கிற படம், ட்ரான்சிஸ்டருக்கு தனியா ஒரு சப்ளை இருக்கும், அந்த சப்ளையை இந்தப் படத்துல வரைய மாட்டோம், அவ்ளோதான். அந்தப் பொண்ணோட அப்பாவுக்கு வேடசந்தூர் பக்கம் கொஞ்சம் தோட்டம் இருக்குன்னு தெரியும், அதனால பதிலுக்கு நானும் குசுகுசுன்னே ஒரு வாய்ஸ் நோட் போட்டேன், என் பையனும் தூங்கிட்டு இருந்தான். "தோட்டத்துல வால்வைத் திருப்புறது உங்க அப்பா கை, ஆனா தண்ணியத் தள்ளுறது மோட்டாரு, மோட்டாருக்கு ஈபி லைன்ல இருந்து கரண்ட் வருது. இந்தப் படத்துல வால்வையும் தண்ணியையும் மட்டும்தான்டா வரைஞ்சிருக்கோம், ஈபி லைனை வரையல." ப்ளூ டிக் வந்துச்சு, ரெண்டு நிமிஷம் ஒண்ணும் இல்ல, அப்புறம் "ஓஓஓ மேம்"னு மட்டும் ஒரு மெசேஜ். அந்த மூணு ஓ-வுக்காகத்தான் இந்த வேலையில இன்னும் இருக்கேன்னு நினைக்கிறேன்.

மறுநாள் அவகிட்ட கேட்டுட்டு, பேர் சொல்லாம அந்தக் கேள்வியையும் என் பதிலையும் க்ளாஸ் க்ரூப்ல போட்டேன். அன்னைக்கு ராத்திரி மடை திறந்த மாதிரி வந்துச்சு. நோட்டைப் போட்டோ எடுத்து, மேல ஃபேன் நிழலோட, ரெட் பேனாவுல வட்டம் போட்டு "இந்த மைனஸ் எப்படி மேம்", "கேவிஎல்ல எந்தப் பக்கம் சுத்தினாலும் ஒண்ணுதானா மேம்" (ஒரு சுத்து சுத்தி வோல்டேஜைக் கூட்டினா ஸீரோங்கிற விதி), "ஓம்ஸ் லா எப்பவுமே உண்மையா மேம்". கடைசிக் கேள்வியக் கேட்டவன் அப்போ சிறுமலையில இருந்தான், வீட்டுல சிக்னல் வராது, தினம் சாயங்காலம் ஒரு பாறை மேல ஏறி நின்னுதான் மெசேஜ் அனுப்புவான், பதிலை மறுநாள் சாயங்காலம்தான் பாப்பான். லைவ் க்ளாஸ்ல அவனால உக்காரவே முடியல, ஆனா க்ளாஸ்ல உக்காந்திருந்த முக்கால்வாசிப் பேரை விட நல்லாப் படிச்சான். இன்னொரு பையன் வீட்டுல இருக்கிற ஒரே ஸ்மார்ட்ஃபோனை அம்மா ஸ்பின்னிங் மில்லுக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க, நைட் ஷிப்ட்னா அவனுக்குப் பகல்ல ஃபோன் கிடைக்கும், டே ஷிப்ட்னா கிடைக்காது. ஆன்லைன் அட்டெண்டன்ஸ் போடச் சொல்லி மேல இருந்து ஆர்டர் வரும்போதெல்லாம் எனக்கு இந்த மில் ஷிப்ட் ஞாபகம்தான் வரும். 2021 ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் காலேஜ் பசங்களுக்கு தினம் 2 ஜிபி டேட்டா கார்டு அரசாங்கம் ஃப்ரீயா கொடுத்துச்சு, நல்ல விஷயம்தான், ஆனா டேட்டா இருந்து ஃபோன் இல்லாத வீட்டுக்கு அது என்ன பண்ணும்.

இன்னொரு பக்கமும் சொல்லணும். அசைன்மெண்ட் எல்லாம் ஸ்கேன் பண்ணி பிடிஎஃப்பா வாங்கினோம், முதல்ல எல்லாரும் கேம்ஸ்கேனர், 2020 ஜூன் கடைசில சைனா ஆப் 59-ஐ தடை பண்ணினப்போ அதுவும் போச்சு, அப்புறம் அடோப் ஸ்கேன், மைக்ரோசாஃப்ட் லென்ஸ்னு ஆளுக்கொண்ணு. 60 பிடிஎஃப் வரும், திறந்து பாத்தா நாலு பேரோட கையெழுத்துதான் இருக்கும். ஒரே பேப்பர்ல மேல இருக்கிற பேரை மட்டும் வொயிட்னர் போட்டு மாத்தி அனுப்பின மகான்களும் உண்டு. ஒருத்தன் அதைக்கூடச் செய்யாம ஃபைல் பேரை மட்டும் மாத்தி அனுப்பியிருந்தான், உள்ள வேற ஆள் பேரு, வேற ஆள் ரோல் நம்பரு. கேட்டா "மேம் நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் படிச்சோம்"ங்கிறான். இதுக்கெல்லாம் கோவப்பட்டு பயனில்லைன்னு சீக்கிரம் புரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தர் ரோல் நம்பரோட கடைசி ரெண்டு டிஜிட்டையே ரெசிஸ்டர் வேல்யூவா வைக்கச் சொல்லிட்டேன். காப்பி அடிக்கணும்னாலும் மறுபடி கணக்குப் போட்டாகணும்ல, போடட்டும்.

எங்க ஸ்டாஃப் ரூம் கதை தனி. ரிடையர் ஆக ரெண்டு வருஷம் இருக்கிற ஒரு சீனியர் சார், ஃபோன்ல பாடமா, அதெல்லாம் நம்மால முடியாதுன்னு சொல்லிட்டு இருந்தவரு, அவர் மகள் பக்கத்துல உக்காந்து செட் பண்ணிக் கொடுத்து, வீட்டு வாசல்ல கரும்பலகை மாட்டி, வீடியோ எடுத்து யூட்யூப்ல லிங்க் இருந்தாத்தான் தெரியும்ங்கிற மாதிரி ஏத்தி வச்சாரு. ஒரு செமஸ்டர் முழுக்க. பசங்க எல்லாம் 1.5, 2 ஸ்பீடுல வச்சுப் பாக்குறாங்கன்னு தெரிஞ்சப்போ மனுஷன் நொந்துட்டாரு, "முப்பது வருஷம் நிறுத்தி நிதானமா பேசிப் பழகினேன், என்னை எலி மாதிரி கத்த விட்டுட்டானுங்க"ன்னு. ஆனா அப்புறம் அவரே கவனிச்சு சொன்னாரு, ஒரு இடத்துல எல்லாரும் திரும்பத் திரும்பப் பாக்குறாங்க, அங்க கிராஃப் மேல ஏறி இருக்குன்னு. யூட்யூப்ல வீடியோ போட்டவங்களுக்கு எந்த நிமிஷத்துல ஆள் தங்குறாங்க எந்த நிமிஷத்துல ஓடுறாங்கன்னு ஒரு கோடு காட்டும். அந்தக் கோட்டைப் பாத்து அவர் ரெண்டு டாபிக்கை மறுபடி எடுத்தாரு. அவ்வளவு வருஷ சர்வீஸ்ல க்ளாஸ் முகத்தைப் பாத்து கண்டுபிடிக்க முடியாததை ஒரு கோடு காட்டிக்கொடுத்துடுச்சேன்னு அவருக்கு சந்தோஷமா வருத்தமான்னு எனக்குத் தெரியல.

காலேஜ்ல காசு கொடுத்து வாங்கின ஒரு எல்எம்எஸ்ஸும், அதாவது பாடம் ஏத்தி வைக்கிற சாஃப்ட்வேரும் இருக்கு. பேர் வேணாம். அதுல எல்லா சப்ஜெக்டுக்கும் அஞ்சு யூனிட் பிபிடி, கொஸ்டின் பேங்க், கோர்ஸ் பிளான் எல்லாம் ஏத்தி இருக்கோம், காலேஜுக்கு கிரேடு போடுற நாக் டீம் வந்தா காட்டணும்ல. லாகின் பண்ணிப் பாத்தா ஆள் நடமாட்டமே இருக்காது, திருவிழா முடிஞ்ச மறுநாள் கோயில் மைதானம் மாதிரி. பசங்க படிக்கிறது எங்கன்னா, ஒண்ணு சீனியர்கிட்ட இருந்து டெலிகிராம்ல வர்ற பிடிஎஃப், ரெண்டாவது பரீட்சைக்கு முதல் நாள் யூட்யூப்ல தமிழ்ல பதிமூணு மார்க் கேள்வியை பத்து நிமிஷத்துல சொல்லித்தர்ற சேனல்கள், மூணாவது வாட்ஸ்அப். நாங்க எடுத்த ஆன்லைன் நிகழ்ச்சிக்கெல்லாம் ஜியோ டேக் போட்ட போட்டோ கேப்பாங்க. வீட்டு ஹால்ல உக்காந்து அட்டெண்ட் பண்ணின வெபினாருக்கு ஜியோ டேக் போட்டா எங்க தெரு பேரு வருது, அதை எப்படிங்க ஃபைல் பண்றது.

ஐஐடி வாத்தியார்கள் வீடியோல பாடம் எடுக்குற என்பிடெல் பத்தி மட்டும் கொஞ்சம் நல்லதாவே சொல்லணும், அதுக்கு நான் கடன்பட்டிருக்கேன். 2003-ல ஏழு ஐஐடியும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேந்து ஆரம்பிச்சது. நான் படிக்கும்போது நெட் கிடையாது, லைப்ரரில ஒரு கம்ப்யூட்டர்ல மட்டும் காப்பி பண்ணி வச்சிருப்பாங்க, ஹெட்ஃபோன் ஒண்ணுதான், அதுக்கு க்யூ. அப்போ அது நமக்கெல்லாம் எட்டாத இடத்துல நடக்குற க்ளாஸை ஜன்னல் வழியா எட்டிப் பாக்குற மாதிரி இருக்கும். 2014-ல இருந்து சர்டிபிகேட் கோர்ஸா வந்துச்சு, பாடம் ஃப்ரீ, பரீட்சைக்கு மட்டும் 1000 ரூபா, நேர்ல சென்டருக்குப் போய் எழுதணும், அசைன்மெண்டுக்கு 25 மார்க் பரீட்சைக்கு 75. ஐஐடி மெட்ராஸ் நாகேந்திர கிருஷ்ணபுரா எடுத்த பேசிக் எலக்ட்ரிக்கல் சர்க்யூட்ஸ் பாத்துட்டுத்தான் நான் டூ போர்ட் நெட்வொர்க் எடுக்குற விதத்தையே மாத்தினேன். ஒரு தடவ நானும் என் ஸ்டூடண்ட் ஒருத்தனும் ஒரே கோர்ஸுக்கு ரிஜிஸ்டர் பண்ணி, மதுரை சென்டர்ல ஒரே ஹால்ல ரெண்டு சீட் தள்ளி உக்காந்து எழுதினோம். அவன் எலைட் ப்ளஸ் சில்வர், நான் வெறும் எலைட். டிபார்ட்மெண்ட் முழுக்கத் தெரிஞ்சுபோச்சு, எச்ஓடி இன்னமும் சொல்லிச் சிரிப்பாரு. ஆனா இப்போ சர்டிபிகேட் எண்ணிக்கைக்காக ஒவ்வொரு க்ளாஸ்லயும் இத்தனை பேர் சேரணும்னு டார்கெட் வச்சுத் தள்ளுறாங்க பாருங்க, அங்க இருந்து அது கெட ஆரம்பிச்சுடுச்சு. யூட்யூப்ல போய் கோர்ஸ் பேரைப் போட்டு வீக் ஃபைவ் அசைன்மெண்ட் ஆன்சர்னு தேடுங்க, ஏ பி சி டி வரிசையா வந்து நிக்கும். வீடியோ ஒண்ணு கூடப் பாக்காம அசைன்மெண்ட்ல ஃபுல் மார்க் வாங்கினவங்க எத்தனையோ பேரு, பரீட்சை நேர்ல வைக்கிறதுனாலதான் அந்த சர்டிபிகேட்டுக்கு இன்னும் மரியாதை மிச்சம் இருக்கு.

இன்னொரு தகவல், எங்க சப்ஜெக்ட் மேல எனக்கு இருக்கிற கர்வத்துல சொல்றேன். 2012 மார்ச்ல அமெரிக்காவோட எம்ஐடி, எம்ஐடிஎக்ஸ்ங்கிற பேர்ல உலகத்துக்கே திறந்து விட்ட முதல் ஆன்லைன் கோர்ஸ் எதுன்னு தெரியுமா, சர்க்யூட்ஸ்தான். நடத்தினவர் அனந்த் அகர்வால், நம்ம ஐஐடி மெட்ராஸ்ல படிச்சுட்டுப் போனவரு. பதிஞ்சவங்க கிட்டத்தட்ட 1,55,000 பேரு. முடிச்சு சர்டிபிகேட் வாங்கினது 7,157 பேரு. அதுல மங்கோலியாவுல இருந்து 15 வயசுப் பையன் ஒருத்தன், பத்துஷிக்னு பேரு, ஃபுல் மார்க் வாங்கி அப்புறம் எம்ஐடிலயே சேந்தான். இந்தக் கதையை நிறைய மீட்டிங்ல சொல்வாங்க, இன்டர்நெட் இருந்தா போதும் வாத்தியாரே வேணாம்ங்கிற தொனில. ஆனா அந்தப் பையனோட ஸ்கூல் பிரின்சிபாலே எம்ஐடில படிச்சவரு, அமெரிக்காவுல இருந்து ஆள வரவழைச்சு, லேப் சாமானெல்லாம் கொண்டாந்து வச்சு, பக்கத்துல நின்னு சொல்லிக்கொடுக்க வச்சாருங்கிறதை யாரும் சொல்ல மாட்டாங்க. வீடியோ எல்லாருக்கும் ஒண்ணுதான், பக்கத்துல கேக்குறதுக்கு ஒரு ஆள் இருந்தா அது வேற.

காலேஜ் திறந்தப்புறமும் ராத்திரி டவுட் நிக்கல. பகல்ல க்ளாஸ்ல பழையபடி கொலு பொம்மை, ராத்திரி பதினோரு மணிக்கு வாய்ஸ் நோட். எங்க வீட்டுல திட்டு, "உனக்கு என்ன கால் சென்டர் வேலையா"ன்னு. எனக்கு ஒரு பழக்கம் வந்துடுச்சு, காலைல பஸ்ல வரும்போது ராத்திரி வந்த டவுட்டெல்லாம் பாத்து, எது ரெண்டு மூணு பேர்கிட்ட இருந்து வந்திருக்கோ அதுல இருந்துதான் க்ளாஸையே ஆரம்பிப்பேன். பேர் சொல்ல மாட்டேன், "நேத்து ஒருத்தங்க கேட்டாங்க"ன்னு மட்டும். அந்த ஒருத்தங்க யாருன்னு கீழ குனிஞ்சு சிரிக்கிற தலையைப் பாத்தாலே தெரிஞ்சிடும்.

இதெல்லாம் 2023 வரைக்கும். சாட்ஜிபிடி 2022 நவம்பர் கடைசில வந்துச்சு, எங்க பசங்ககிட்ட வர ஒரு ஆறு மாசம் ஆச்சு. முதல்ல அசைன்மெண்ட்ல தெரிஞ்சுது, திடீர்னு எல்லாரோட இங்கிலீஷும் வெள்ளைக்காரன் மாதிரி ஆயிடுச்சு. அது எனக்குப் பெருசாப் படல, வொயிட்னருக்கு இது தேவலாம். ஆனா கொஞ்ச நாள் கழிச்சுத்தான் கவனிச்சேன், ராத்திரி ஃபோன் சும்மா இருக்கு. முதல்ல நிம்மதின்னு நினைச்சேன். அப்புறம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. டவுட் இல்லாம போகல, வேற இடத்துக்குப் போயிடுச்சு, அவ்ளோதான். போட்டோ எடுத்துக் கேட்டா பதில் சொல்லுது, தமிழ்ல கேட்டா தமிழ்ல சொல்லுது, பத்து தடவ கேட்டாலும் சலிச்சுக்காது, பின்னாடி பெஞ்சுல இருந்து சிரிக்காது. போதாக்குறைக்கு 2025-ல ஸ்டூடண்ட்ஸுக்கு ஜெமினி ப்ரோ ஒரு வருஷம் ஃப்ரீன்னு வேற கொடுத்தாங்க. நான் பொறாமைப்படுறேன்னு நினைச்சுக்காதீங்க, நானே கொஸ்டின் பேப்பர்ல வார்த்தை சரிபாக்க, லேப் மேனுவல் எழுதன்னு தினம் அதைத்தான் கேக்குறேன். ஆனா அந்தப் பொண்ணு 16 வோல்ட்டை அப்போ அதுகிட்ட கேட்டிருந்தா, பதில் கிடைச்சிருக்கும், அவளுக்கு. எனக்கு அந்தக் கேள்வி கிடைச்சிருக்காது, மீதி 59 பேருக்கும் கிடைச்சிருக்காது.

சரி, கம்ப்ளெயிண்ட் பண்ணிட்டே இருந்தா ஆகுமா. போன வருஷத்துல இருந்து ஒண்ணு பண்றேன். ஏஐகிட்ட கேளுங்க, தாராளமா கேளுங்க, ஆனா அது சொன்ன பதிலை சிமுலேட்டர்ல, அதாவது சர்க்யூட்டை ஸ்க்ரீன்லயே வரைஞ்சு ஓட்டிப் பாக்குற சாஃப்ட்வேர்ல, போட்டு உண்மையான்னு பாத்துட்டு ரெண்டு ஸ்க்ரீன்ஷாட்டையும் க்ரூப்ல போடுங்க, தப்பைக் கண்டுபிடிச்சவங்களுக்கு இன்டர்னல்ல அசைன்மெண்ட் மார்க் ஃபுல்லு. எல்டிஸ்பைஸ்ங்கிற சிமுலேட்டர் ஃப்ரீதான் ஆனா லேப்டாப் வேணும். அதனால ஃபால்ஸ்டாட் சிமுலேட்டர், ப்ரவுசர்லயே ஓடும், ஒண்ணும் இன்ஸ்டால் பண்ண வேணாம், ஃபோன்ல கொஞ்சம் விரலுக்கு சிரமம்தான் ஆனா முடியும். பால் ஃபால்ஸ்டாட்னு ஒருத்தர் எழுதி சும்மா கொடுத்தது. அதுல கரண்ட் ஓடுறது மஞ்சள் புள்ளி புள்ளியா நகரும், வோல்டேஜ் பாசிட்டிவ்னா கம்பி பச்சையா தெரியும், நெகட்டிவ்னா சிவப்பு. மஞ்சள் புள்ளி ரெண்டா பிரியற இடத்துல நின்னு ஒரு நிமிஷம் பாத்தான்னா ஒரு நோடுக்குள்ள வர்ற கரண்டும் வெளிய போற கரண்டும் சமம்ங்கிற கேசிஎல் புரியாதவனே கிடையாது, நான் அரை மணி நேரம் தொண்டை கிழியக் கத்துறது அந்தப் புள்ளி சும்மா சொல்லிட்டுப் போயிடும்.

ரொம்ப நாள் க்ரூப்ல ஒண்ணும் பெருசா வரல. ரெண்டு மூணு பேரு மார்க்குக்காக ஓம்ஸ் லா கணக்கைப் போட்டு "கரெக்ட் மேம்"னு போட்டுட்டுப் போனாங்க.

போன வாரம்தான் அந்த போட்டோ. செகண்ட் செமஸ்டர் பையன், மூணாவது பெஞ்ச், நத்தம் பக்கத்துல இருந்து வர்றான், காலேஜ் சேந்த நாள்ல இருந்து அவன் குரல் எனக்குத் தெரியாது. பழைய அதே 12 வோல்ட் கணக்கு, நான் தான் அசைன்மெண்ட்ல கொடுத்திருந்தேன். போட்டோல மூணு விஷயம் ஒட்டி இருந்துச்சு. ஒண்ணு அவன் நோட்டு, தெவனின் ரெசிஸ்டன்ஸ் 4 ஓம். ரெண்டாவது ஏஐ பதில், படத்தைப் பாத்து ஸ்டெப் ஒண்ணு ஸ்டெப் ரெண்டுன்னு அழகா எழுதி, எல்லா சோர்ஸையும் அணைச்சுடணும், ஆகவே 3-ம் 6-ம் பேரலல், பதில் 2 ஓம். டிபெண்டன்ட் சோர்ஸை அணைக்கக் கூடாதுன்னு நான் வருஷா வருஷம் அடிச்சுக்கிற அதே தப்பை அதுவும் பண்ணியிருக்கு, பரவால்ல, எங்க பசங்க மாதிரியேதான் இருக்கு. கீழ அவன் மெசேஜ்: "மேம் யார் சரி மேம்? அது ரொம்ப உறுதியா சொல்லுது மேம்."

மூணாவது சிமுலேட்டர் ஸ்க்ரீன்ஷாட், ஆனா சர்க்யூட் மட்டும் வரைஞ்சு அப்படியே விட்டிருந்தான், அடுத்து என்ன பண்றதுன்னு தெரியல. நான் பதிலச் சொல்லல. "டெர்மினல்ல ஒரு 4 ஓம் லோடு மாட்டிப் பாரு. உன் பதில் சரின்னா லோடுல எவ்ளோ வோல்டேஜ் வரணும், அது சொல்ற பதில் சரின்னா எவ்ளோ வரணும், முதல்ல பேப்பர்ல கணக்குப் போடு, அப்புறம் மாட்டு"ன்னு மட்டும் அனுப்பினேன். இருபது நிமிஷம் ஆச்சு. நான் தூங்கவே இல்ல, வீட்டுல மறுபடி கால் சென்டர் கிண்டல். 11.50-க்கு ஒரு பேப்பர் போட்டோ வந்துச்சு, அவன் கணக்குப்படி 16 வோல்ட்டும் 4 ஓமும்னா லோடுல 8 வோல்ட், ஏஐ பண்ணின மாதிரி டிபெண்டன்ட் சோர்ஸையே தூக்கிட்டா 5.33 வோல்ட். அதுக்குப் பின்னாடியே சிமுலேட்டர் ஸ்க்ரீன்ஷாட். கம்பி பச்சையா இருக்கு, லோடுக்குப் பக்கத்துல 8 வோல்ட். அதுக்கும் பின்னாடி ஒரு வாய்ஸ் நோட், ரெண்டு செகண்டுதான். சிரிப்பு மட்டும்.

"நாளைக்கு க்ளாஸ்ல போர்டுல வந்து இதை நீயே சொல்லுடா"ன்னு அனுப்பினேன். ப்ளூ டிக். பதில் இல்ல.

மறுநாள் காலைல முதல் பீரியட், ஃபுல் க்ளாஸ், நான் அவனைப் பாத்து சாக்பீஸை நீட்டினேன். எழுந்து நின்னான், காது சிவந்துபோச்சு, டெஸ்க்கைப் பாத்துக்கிட்டே மெதுவா சொன்னான், "மேம், க்ரூப்ல போட்டுடுறேன் மேம்."